பேசில் துளசி அன்று, திருநீற்றுப்பச்சை

துளசியில் வைட்டமின் கே ஏராளம், துளசியைப் பொடியாக அரிந்து சாலட்டில் தூவுங்கள் என்று உடல்நலக் குறிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஆங்கில மூலத்தில் இருப்பது பேசில் (basil) என்ற வேறொரு மணச்செடி. மொழிபெயர்ப்பவர் அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டுவிடுகிறார்.

பேசில் கிரேக்க வழிச் சொல். 'பசிலியுஸ்' என்றால் அரசன், 'பசிலிக்கோன்' அரசனுக்குரியது. தாவரவியலில் ஓசிமம் பாசிலிகம். துளசி வேறு: ஓசிமம் டெனுயிபுளோரம். ஓசிமம் சாங்டம் என்பது அதன் பழைய பெயர். சங்கப் பாடல்களின் துழாய் இதுதான். இரண்டும் ஒரே பேரினம், உறவு அவ்வளவே.

பேசிலுக்குத் தமிழில் புதுப்பெயர் தேட வேண்டியதே இல்லை. திருநீற்றுப்பச்சை என்றும் திருநீற்றுப்பச்சிலை என்றும் சித்த மருத்துவத்தில் வழங்குவது இந்தச் செடிதான். (ஆறு, ஆற்றுநீர் ஆவதுபோல நீறு, நீற்று ஆகிறது, திருநீருப்பச்சை என்று எழுதுவது பிழை.) தண்ணீரில் போட்ட சில நிமிடங்களில் கறுப்பு விதையைச் சுற்றி வழுவழுப்பான வெள்ளைப் படலம் கட்டுமே, அந்தச் சப்ஜா இதன் விதை. சப்ஜா பாரசீக வழி வந்த சொல். அதற்கும் பச்சை என்றே பொருள்! இதோடு குழப்பிக்கொள்ளும் சியா வேறு செடியின் விதை.

இப்படிப் பெயர் இருக்க, 'இனிப்புத் துளசி' என்று ஒன்றைக் கட்டிவிட்டிருக்கிறார்கள். ஸ்வீட் பேசிலின் நேர்ப்பெயர்ப்பு. இந்தப் பெயரும் சீனித்துளசி என்பதும் ஏற்கெனவே ஸ்டீவியாவுக்கு வழங்குகின்றன. அது சூரியகாந்திக் குடும்பம், சர்க்கரைக்கு மாற்றாகப் பயன்படுவது. சர்க்கரை நோயுள்ள ஒருவர் இந்தப் பெயரைப் படித்தால் எதை வாங்குவார்? 'இத்தாலியத் துளசி'யும் சரியில்லை. அந்தச் செடி இத்தாலியில் பிறந்ததல்ல. வேறொரு செடிக்கு நாய்த்துளசி என்ற பெயர் இருக்கும்போது இது ஏன் கூடாது என்பார்கள். தனக்கென்று பெயர் உள்ள செடிக்கு இன்னொன்றின் பெயரை ஏன் ஒட்ட வேண்டும் என்பதே என் கேள்வி. திருநீற்றுப்பச்சை நீளம் என்பதும் ஒரு வாதமா? கொத்தமல்லித்தழை என்று சொல்லத் தெரிந்த நாக்குக்கு இது பாரமில்லை.

குழப்பத்தின் வேர் ஆங்கிலத்தில் இருக்கிறது. துளசிக்குத் தனிப்பெயர் இல்லாததால் அங்கே ஹோலி பேசில் என்றார்கள். அதைத் தமிழுக்குத் திருப்பி 'புனிதத் துளசி' என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. துளசி என்றாலே போதுமே. தாய்லாந்துக்காரர்கள் பேசில் வகையை ஹோரபா, துளசியைக் கப்ராவ் என்று தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

இது வெறும் சொல்சண்டை இல்லை. துளசி இலை சிறியது, தண்டில் மென்மயிர் இருக்கும், கசக்கினால் கிராம்பு வாடை அடிக்கும். கிராம்பில் உள்ள யூஜினால்தான் காரணம். திருநீற்றுப்பச்சையின் இலை பெரும்பாலும் அகலமாக, வழவழவென்று பளபளக்கும். மணத்தில் லினலூல், எஸ்ட்ராகோல் என்ற வாசனைப் பொருள்கள் முன்நிற்கும். அமெரிக்க வேளாண் துறையின் உணவுத் தரவு 100 கிராமுக்குச் சுமார் 415 மைக்ரோகிராம் வைட்டமின் கே என்று காட்டுவது இந்தப் பச்சை இலையைத்தான். நாலைந்து இலையில் அது சொற்பம்; கைப்பிடி கைப்பிடியாக அரைத்துச் சாப்பிட்டால் கணிசம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உட்கொள்பவர்கள் வைட்டமின் கே அளவு ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்குச் செடியின் பெயரையே மாற்றிச் சொன்னால் எப்படி? அதேபோல, துளசியை வைத்து நடந்த ரத்தச் சர்க்கரை ஆய்வுகளைப் பேசிலின் கணக்கில் எழுதுவதும் தவறு. அவற்றில் பலவும் சிறிய ஆய்வுகள் வேறு.

மொழிபெயர்ப்பவர்கள் மூலத்தில் தாவரவியல் பெயரைத் தேடட்டும். பாசிலிகம் என்றிருந்தால் திருநீற்றுப்பச்சை. டெனுயிபுளோரம், சாங்டம் என்றிருந்தால் துளசி. எதுவுமே இல்லையென்றால் பேசில் என்றே எழுதிவிட்டு, மருத்துவப் பலன்களைத் துளசியின் தலையில் ஏற்றாமல் விடட்டும்.