சுமை மதிப்பீடா, தாங்குசுமையா?

டயர் விளம்பரம், வாகனக் கையேடு, யூடியூப் விளக்கம் என்று எதைத் தமிழில் திறந்தாலும் 'சுமை மதிப்பீடு' வந்து நிற்கிறது. 'உங்கள் சரக்கு வண்டிக்குச் சரியான சுமை மதிப்பீடு கொண்ட டயரைத் தேர்ந்தெடுங்கள்' என்கிறார்கள். எங்கோ ஓரிடத்தில் என்றால் விட்டுவிடலாம். இப்போது லோட் ரேட்டிங்குக்கு, அதாவது ஒரு டயர் எவ்வளவு எடை தாங்கும் என்ற அளவுக்கு, இதுதான் தமிழ் என்று ஆகிவிடும் போலிருக்கிறது. ஆவதற்குள் சொல்லிவிடுகிறேன்: இது தப்பு. சுவைக்குறைவு மட்டுமல்ல, பொருளே தப்பு.

மூலத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். லோட் என்பது பழைய ஆங்கிலத்தில் வழியையும் கொண்டுபோவதையும் குறித்தது; கொண்டுபோகும் பொருளுக்கு அது பெயரானது பிற்பாடு. ரேட் லத்தீனிலிருந்து வந்தது. கணக்கிட்டு முடிவு செய்தது என்று பொருள். அலுவலகங்களில் 'புரோ ரேட்டா' என்கிறோமே, அந்த ரேட்டாதான். ஆகவே லோட் ரேட்டிங் என்றால், இவ்வளவு எடை வரை தாங்கும் என்று கணக்கிட்டு முன்கூட்டியே வரையறுத்து வைத்த அளவு. வரையறுப்பவர் டயரைச் செய்தவர். வாங்குகிறவருக்கோ, ஓட்டுகிறவருக்கோ அதில் மதிப்பிட எதுவும் இல்லை.

இனி மதிப்பீடு என்ற சொல்லுக்கு வருவோம். தமிழில் மதிப்பீடு ஒரு செயல். ஒருவர் ஒன்றைப் பார்த்து, அதன் விலையோ தரமோ அளவோ இவ்வளவு இருக்கும் என்று எடைபோடுவது. வீட்டை வங்கி மதிப்பீடு செய்கிறது, விடைத்தாளை ஆசிரியர் மதிப்பீடு செய்கிறார். ஆளுக்கு ஆள் அது மாறலாம், மேல்முறையீடு கூடச் செய்யலாம். டயரின் பக்கச்சுவரில் அச்சாகியிருக்கும் எண்ணோடு யாரும் அப்படி வழக்காட முடியாது.

அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. 'சுமை மதிப்பீடு' என்றால் எதை மதிப்பிடுகிறோம்? தமிழ் இலக்கணப்படி சுமையை. விடைத்தாள் மதிப்பீட்டில் விடைத்தாளை மதிப்பிடுவது போல. அப்படியானால் சுமை மதிப்பீடு என்பது எடை மேடையில் நடக்கும் வேலை. டயரைப் பற்றியதே அல்ல. ஆங்கிலத்தில் இரண்டு பெயர்ச்சொற்களைப் பக்கத்தில் வைத்தால் அவற்றுக்குள் என்ன உறவு என்பதைப் படிக்கிறவர் ஊகித்துக்கொள்வார். தமிழில் அந்த இடத்தில் வேற்றுமை ஒளிந்திருக்கிறது, அது பொருளைத் தீர்மானிக்கிறது. இரண்டு சொல்லையும் தனித்தனியே அகராதியில் பார்த்து ஒட்டுகிறவருக்கு இது தெரியாமலே போய்விடுகிறது. போதாததற்கு, கட்டடப் பொறியாளரும் எலெக்ட்ரீஷியனும் உத்தேசமாக எவ்வளவு சுமை வரும் என்று போடும் கணக்கே உண்மையில் சுமை மதிப்பீடு. அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே உரியவர் இருக்கிறார்.

சரி, அப்படியே லோட் ரேட்டிங் என்று விட்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். எனக்கு ஆங்கிலச் சொல்மேல் வெறுப்பு இல்லை. டயரை டயர் என்றுதான் எழுதுகிறேன். ஆனால் லாரித் தொழிலில் லோடு என்பது தமிழாகி, வேறு வாழ்க்கை வாழ்கிறது. 'ஒரு லோடு மணல்' என்றால் அது அளவு. புக்கிங் ஆபீசில் 'லோடு ரேட் என்ன?' என்றால் கேட்பது வாடகையை. அந்தக் காதில் லோட் ரேட்டிங் என்று சொன்னால் பணக்கணக்காகத்தான் விழும்.

இதெல்லாம் வெறும் சொற்சண்டை என்று தோன்றினால் ஒரு கணக்கைப் பாருங்கள். 2018 ஜூலையில் மத்திய அரசு சரக்கு வாகனங்களின் அச்சு எடை வரம்பை உயர்த்தியது. நான்கு டயர் உள்ள ஒற்றைப் பின் அச்சுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 டன் ஆனது. இரண்டு டயர் உள்ள முன் அச்சுக்கு 6 டன்னிலிருந்து 7 டன். ஆறு சக்கர லாரிகளில் நெடுங்காலமாக ஓடிய 10.00 ஆர் 20 அளவு ரேடியல் டயரில், 16 பிளை வகையில் (பிளை டயரின் வலிமையைச் சொல்லும் எண், அதற்குப் பிறகு வருகிறேன்), 146/143 கே என்று இருக்கும். இந்த 146 கிலோவும் அல்ல, டன்னும் அல்ல. ஓர் அட்டவணையில் பார்க்க வேண்டிய எண். 146 என்றால் 3000 கிலோ, 143 என்றால் 2725 கிலோ. முதல் எண் டயர் முன் அச்சில் போலத் தனியாக ஓடும்போது, இரண்டாவது பின் அச்சில் போலப் பக்கத்துக்கு இரண்டாக, ஜோடியாக ஓடும்போது. கடைசி எழுத்து வேகம். கே என்றால் மணிக்கு 110 கிலோமீட்டர். ஜோடியில் ஏன் குறைகிறது என்றால், இரண்டு டயரும் ஒருபோதும் சமமாகச் சுமப்பதில்லை. சாலை சரிந்திருக்கும், ஒன்றில் காற்று குறைந்திருக்கும், ஒன்று கூடத் தேய்ந்திருக்கும். அப்போது மற்றதன் தலையில் ஏறும்.

பின் அச்சில் நான்கு டயர், 2725 வீதம் 10,900 கிலோ. பழைய 10.2 டன்னுக்குப் போதும். புதிய 11.5 டன்னுக்குப் போதாது. அதே அளவில் 18 பிளை, 149/146 என்று இருப்பதைப் போட்டால் 12,000 கிலோ வரும், பின்பக்கம் தீர்ந்தது. முன்னால்? 149 என்றால் 3250 கிலோ; இரண்டு டயர், 3250 வீதம் 6,500. ஏழு டன்னுக்கு அரை டன் குறைகிறது. 295/80 ஆர் 22.5 அளவில் 152/148 எம் என்று வருவதைப் போட்டால், 152-க்கு 3550 கிலோ வீதம், 7,100 கிடைக்கும். பலர் மொத்த எடையை ஆறால் வகுத்து டயர் வாங்குகிறார்கள். ஏழும் பதினொன்றரையும் சேர்ந்த 18.5 டன்னை ஆறால் வகுத்தால் ஒரு டயருக்கு 3,083 கிலோ. உண்மையில் முன் டயர் ஒவ்வொன்றுக்கும் 3,500, பின் டயருக்கு 2,875. சராசரி எந்த டயருக்கும் பொருந்தவில்லை. இந்த எண்களும் டயரில் சொன்ன அளவு காற்று இருந்தால்தான். காற்று குறைந்தால் தாங்குவதும் குறையும். இவ்வளவையும் விளக்க வேண்டிய இடத்தில் 'சுமை மதிப்பீடு 146/143' என்று எழுதிவிட்டுப் போனால் படிப்பவருக்கு என்ன புரியும்? பத்துக்கு ஏழு மதிப்பெண் மாதிரி, 143-க்கு மேல் 146 வாங்கியிருக்கிறது, நல்ல டயர் போலிருக்கிறது என்று நினைத்தால் அவர்மேல் தப்பில்லை. சிலர் இன்னும் ஒரு படி போய் 'சுமை தரவரிசை' என்றே எழுதுகிறார்கள். எந்தப் போட்டியில் எத்தனையாவது இடம் என்று கேட்கத் தோன்றுகிறது.

பிளை ரேட்டிங்கில் என் கட்சி மாறுகிறது. ஆதியில் டயருக்குள் பருத்தி நூல் துணியை அடுக்கினார்கள். எத்தனை அடுக்கோ அத்தனை பிளை. ரேயானும் நைலானும் வந்ததும் குறைந்த அடுக்கிலேயே அதே வலிமை கிடைத்தது. எண் மட்டும் பழைய பருத்திக் கணக்கில் நின்றுவிட்டது. இன்றைய முழு எஃகு ரேடியல் லாரி டயரின் பக்கச்சுவரில் இருப்பது பொதுவாக ஒரே ஓர் எஃகு இழை அடுக்கு. அதைப் போய் '16 அடுக்கு டயர்' என்று தமிழில் எழுதுவது பொய். மெக்கானிக் சொல்லும் '16 பிளை'யில் அந்தப் பொய் இல்லை. அங்கே பிளை வெறும் பெயராகிவிட்டது. தனித்தமிழ் அன்பர்கள் கோபித்துக்கொள்ளட்டும், பிளையை நான் பிளை என்றே எழுதுவேன். தமிழாக்க வேண்டும் என்ற ஆசையில் இல்லாத பதினைந்து அடுக்கை உண்டாக்க என்னால் முடியாது.

லோட் ரேட்டிங்குக்கு வேறு என்னென்ன வைக்கலாம்? 'சுமைக் கொள்ளளவு' என்பதைப் பார்த்திருக்கிறேன். கொள்ளளவு அணைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் உரியது. டயரின் கொள்ளளவு என்றால் உள்ளே எவ்வளவு காற்று பிடிக்கும் என்றுதான் வரும். 'சுமைத்திறன்' பரவாயில்லை, மதிப்பீட்டைவிட நூறு மடங்கு மேல். ஆனால் அது வண்டிக்கும் பொருந்தும், டயருக்கும் பொருந்தும். இரண்டையும் ஒரே பத்தியில் பேசும்போது இடிக்கும். இலங்கையில் லாரியைப் பாரவூர்தி என்பதால் அங்கே 'பார' என்று தொடங்கும் ஒரு சொல் இயல்பாக அமையலாம், அதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

டயர் கடையில் யாரும் 'இதன் மதிப்பீடு என்ன' என்று கேட்பதில்லை. 'இது எவ்வளவு தாங்கும்?' என்றுதான் கேட்கிறார்கள். விடை அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. சுமையையும் தாங்குவதையும் தமிழ் எப்போதோ சேர்த்துவிட்டது: பாதையோரத்தில் தலைச்சுமையை இறக்கிவைக்க நட்ட கல்லுக்குச் சுமைதாங்கி என்று பெயர். கருவுற்றிருந்தபோது இறந்த பெண்களின் நினைவாக அதை நடும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. அதையே திருப்பிப் போட்டால் தாங்குசுமை. ஒரு டயர் தாங்கும் சுமை, ஐயத்துக்கு இடமில்லை. வரம்பு என்று அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் 'உச்சத் தாங்குசுமை' எனலாம். 146 மாதிரி அட்டவணை எண்ணுக்கு, அதாவது லோட் இண்டெக்ஸுக்கு, 'தாங்குசுமைச் சுட்டெண்'. இண்டெக்ஸ் என்ற லத்தீன் சொல்லுக்குச் சுட்டுவிரல் என்றும் பொருள் உண்டு, அதனால் இது மூலத்துக்கும் பொருந்தி வருகிறது. 'இந்த டயரின் சுட்டெண் 146/143. தாங்குசுமை தனியாக 3000 கிலோ, ஜோடியாக 2725 கிலோ' என்று கையேட்டில் போடட்டும். யாருக்குப் புரியாது?

மொழிபெயர்ப்பாளர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. சொல்லுக்கு இவ்வளவு காசு என்று வேலை, பக்கத்தில் படம் கூட இருக்காது, ரேட்டிங் என்று வந்தால் சினிமாவா டயரா மின்விசிறியா என்பதே தெரியாது. மொழிபெயர்ப்பு மென்பொருள் 'மதிப்பீடு' என்று முன்மொழியும், அவர் சரி என்று தட்டுவார், அடுத்த முறை மென்பொருள் அவரையே சான்றாகக் காட்டும். அதனால்தான் கடன் தகுதி, படத்துக்கு நட்சத்திரம், மின்கருவியின் வாட் அளவு எல்லாமே இன்று மதிப்பீடாகிக் கிடக்கின்றன.

இன்னொன்று. தாங்குசுமை, குடிநீர் மாதிரி வினைத்தொகை. நடுவில் ஒற்று போட்டுத் 'தாங்குச்சுமை' என்று எழுதக் கூடாது. பிரித்தும் எழுத வேண்டாம். 'தாங்கு சுமை' என்று இடம் விட்டால், சுமையைப் பார்த்து நீயே தாங்கிக்கொள் என்று சொல்வது போல ஆகிவிடும்.