மூன்றாவது முறை சீட்டைக் கலைக்கவில்லை

ஒரே வாரத்தில் மூன்றாவது முறையாக அந்தப் பெண் அதே கேள்வியோடு வந்தார். "அவர் திரும்பி வருவாரா? இன்னொரு தடவை மட்டும் பாருங்க." முதல் முறை விழுந்த டாரட் சீட்டுகள் அவருக்கு நம்பிக்கை கொடுத்திருந்தன. இரண்டாவது முறை விழுந்தவை கலங்க வைத்திருந்தன. மூன்றாவது முறை வருவதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் இருந்தார். நான் சீட்டுக்கட்டைக் கையில் எடுக்கவில்லை. "நேத்து ராத்திரி தூங்கினீங்களா?" என்று கேட்டேன். நான்கு நாளாகத் தூக்கமே இல்லை என்றார்.

டாரட் என்பது படச் சீட்டுகளை விரித்துக் குறி பார்ப்பது. அதைப் படிக்கத் தொடங்கி பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அதில் ஏழு ஆண்டுகளாக மற்றவர்களுக்கும் பார்க்கிறேன். இந்தச் சீட்டுகள் மேல் எனக்குப் பிரியம் உண்டு. அதனால்தான் இவற்றால் எது முடியும், எது முடியாது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

படிக்கத் தொடங்கிய புதிதில், இவை பண்டைய எகிப்துக் கோயில்களின் ரகசிய ஞானம் என்றே நம்பினேன். அந்தக் கதையை 1781-இல் பிரான்சில் எழுதிப் பரப்பியவர் கூர் தெ ஜெபெலன். அவர் எழுதிய காலத்தில் எகிப்தியச் சித்திர எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஷாம்போலியோன் அந்தப் புதிரை அவிழ்த்ததே 1822-இல்தான். டாரட் பிறந்தது 15-ஆம் நூற்றாண்டு வட இத்தாலியில், அதுவும் விளையாடுவதற்கான சீட்டுக்கட்டாக. இவற்றை வைத்துக் குறி பார்க்கும் வழக்கம் 18-ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. இது தெரிந்த பிறகு எனக்கு ஏமாற்றம் வரவில்லை, பாரம்தான் குறைந்தது. மனிதர்கள் வரைந்த படங்களை மனிதர்களுக்காகப் படிக்கிறேன், அவ்வளவுதான்.

இன்று பெரும்பாலோர் பார்த்திருக்கும் படங்களை வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித். மறைஞான எழுத்தாளர் ஆர்தர் எட்வர்ட் வெய்ட்டின் திட்டப்படி 1909-இல் லண்டனில் அந்தக் கட்டு வெளியானது. நெடுங்காலம் அது பதிப்பாளர் பெயராலும் வெய்ட்டின் பெயராலும் மட்டுமே அறியப்பட்டது. மிகக் குறைந்த கூலிக்கு வேலை செய்த பமேலா 1951-இல் வறுமையில் இறந்தார். கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன். 78 சீட்டுகளில் 22 மேஜர் ஆர்கானா, அதாவது சூரியன், மரணம் போலத் தனிப் பெயர் உள்ளவை. மீதி 56 மைனர் ஆர்கானா, அதாவது கோப்பை முதலான நான்கு இனச் சீட்டுகள். அதற்கு முன் புழங்கிய பெரும்பாலான கட்டுகளில் கோப்பை ஐந்து என்றால் ஐந்து கோப்பைகள் மட்டும்தான் இருக்கும். பமேலா அங்கே ஒரு மனிதரைக் கொண்டுவந்து நிறுத்தினார். கறுப்புப் போர்வை போர்த்தித் தலை குனிந்து நிற்கிறார். முன்னால் மூன்று கோப்பைகள் கவிழ்ந்து கிடக்கின்றன. முதுகுக்குப் பின்னால் இரண்டு நிமிர்ந்து நிற்கின்றன. தூரத்தில் ஒரு ஆறு, ஒரு பாலம்.

இந்தச் சீட்டு வந்தால் நான் பொருள் சொல்வதில்லை. "என்ன தெரியுது?" என்றுதான் கேட்பேன். வேலை போய் ஆறு மாதம் ஆன ஒருவர் கவிழ்ந்த மூன்றை மட்டும் எண்ணினார். கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தோம். பிறகு, "பின்னாடி ரெண்டு இருக்கா?" என்றார். அப்புறம் அரை மணி நேரம் அவர்தான் பேசினார். வீட்டில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் வெளியே வந்தது. சீட்டுக்கு அவருடைய வேலையைப் பற்றி எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததைச் சொல்ல அந்தப் படம் ஓர் இடம் கொடுத்தது. எனக்குத் தெரிந்த டாரட் இதுதான்.

"நீங்க சொன்னது அப்படியே என் வாழ்க்கை" என்று யாராவது சொன்னால் மனம் குளிரத்தான் செய்யும். அந்த நேரத்தில் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளரின் சோதனையை நினைவுபடுத்திக்கொள்வேன். 1948-இல் தன் மாணவர்கள் 39 பேருக்கு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதியது போல, ஒரே குணவிவரக் குறிப்பைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. பொதுவாகச் சொன்ன வார்த்தையில் கேட்பவர் தன்னையே பொருத்திக்கொள்கிறார். டாரட் பார்ப்பவர் அதைத் தன் சக்தி என்று நம்பத் தொடங்கினால் அங்கேதான் ஆபத்து.

அந்த ஆபத்தில் நானே விழுந்திருக்கிறேன். பார்க்கத் தொடங்கிய இரண்டாம் ஆண்டு. படபடப்பு, காரணமில்லாமல் எடை குறைகிறது, பயமாக இருக்கிறது என்று ஒருவர் வந்தார். சூரியன் சீட்டு வந்தது. வெள்ளைக் குதிரை மேல் சிரிக்கும் குழந்தை. "ஒண்ணும் இல்லை, எல்லாம் நல்லாயிடும்" என்று சொல்லி அனுப்பினேன். என் பேச்சை நம்பி அவர் மூன்று மாதம் மருத்துவரிடம் போகவில்லை. தைராய்டு அதிகமாகச் சுரந்துகொண்டிருந்தது. மருந்தில் குணமானார், என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்குத்தான் பல நாள் கட்டைத் தொட மனம் வரவில்லை. அன்று முதல் உடல்நலம், கர்ப்பம், ஆயுள், வழக்கு பற்றிய கேள்விகளுக்கு நான் சீட்டு எடுப்பதில்லை. மருத்துவரிடம் போக பயமாக இருக்கிறது என்றால் அந்தப் பயத்தைப் பற்றிப் பேசலாம். நோய் இருக்கிறதா இல்லையா என்பதைச் சோதனைதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மரணம், கோபுரம், சாத்தான் மூன்றும் பார்த்தவுடன் நெஞ்சை அடைக்கும் சீட்டுகள். பத்துச் சீட்டு விரித்தால் இவற்றில் ஒன்றாவது வர வாய்ப்பு சுமார் 34 சதவீதம். அதாவது வருபவர்களில் மூன்றில் ஒருவருக்கு எப்படியும் வரும். மரணச் சீட்டிலேயே பின்னால் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன் தெரிகிறது. ஒன்று முடிவதையும் மாறுவதையும்தான் அதில் படிக்கிறோம். ஆனால் அந்தப் படத்தைக் காட்டி, "உங்க மேல சாபம் இருக்கு, கழிக்க இவ்வளவு ஆகும்" என்று சிலர் பணம் கேட்கிறார்கள். 78 சீட்டுகளில் சாபம் என்று ஒரு சீட்டு கிடையாது. அந்த வார்த்தை காதில் விழுந்தால் பணம் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள். கொடுத்துவிட்டீர்களா, வெட்கப்படாமல் நெருங்கிய ஒருவரிடம் சொல்லுங்கள். பணம் வாங்கியவர்கள் அடுத்தடுத்துக் கேட்பார்கள்.

சரி, அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். மூன்றாவது முறை சீட்டு நல்லதாக வந்தால் இரண்டு நாள் தாங்கும், பிறகு நான்காவது முறை வர வேண்டியிருக்கும் என்பதை அவரிடம் சொன்னேன். கோபப்பட்டார். அப்புறம் அழுதார். பிரிந்து போனவர் திரும்பி வருவாரா என்பதற்குப் பதில் அந்தப் பிரிந்தவரிடம்தான் இருக்கிறது, இந்த நான்கு நாள் உங்களை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டேன். யாரும் இல்லை என்றார். கொஞ்சம் யோசித்து, அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை என்றார். அங்கேயே உட்கார்ந்து போன் செய்தார். நான் தண்ணீர் கொண்டுவரப் போய்விட்டேன். திரும்பி வந்தபோதும் பேசிக்கொண்டிருந்தார். கட்டு துணிக்குள் சுற்றியபடியே மேஜையில் இருந்தது.