கூட்டுவதற்கு முன் பெருக்கல்: ஒவ்வொரு செயலிக்கும் தனி வால்யூம் எப்படிச் சாத்தியமாகிறது?

ஆன்லைன் வகுப்பில் ஆசிரியர் பேசுகிறார், பின்னணியில் பாட்டு மெல்ல ஓடுகிறது, இடையில் மின்னஞ்சல் வந்ததற்கான ‘டிங்’. மூன்றும் ஒரே ஹெட்போன் வழியாகத்தான் காதுக்கு வருகின்றன. ஆனாலும் ஆசிரியரின் குரலைத் தொடாமல் பாட்டை மட்டும் குறைக்க முடிகிறது. ஹெட்போனுக்குப் போவதோ காதுக்கு ஒன்றாக இரண்டே மின் சமிக்ஞைகள். அவற்றில் எது பாட்டு, எது குரல் என்று ஹெட்போனுக்குத் தெரியாது. அப்படியென்றால் பாட்டை மட்டும் குறைப்பது யார், எந்த இடத்தில்?

கணினிக்குள் ஒலி என்பது வெறும் எண்களின் வரிசை. நொடிக்கு 44,100 அல்லது 48,000 எண்கள். 16 பிட் ஒலியில் ஒவ்வொன்றும் -32,768-க்கும் 32,767-க்கும் இடையில் இருக்கும். வால்யூமைக் குறைப்பது என்றால் அந்த எண்கள் எல்லாவற்றையும் ஒன்றுக்குக் குறைவான ஓர் எண்ணால் பெருக்குவது. இரண்டு ஒலிகளைக் கலப்பது என்றால், அந்தந்தக் கணத்துக்குரிய எண்களைக் கூட்டுவது. பெருக்கல், கூட்டல், அவ்வளவுதான் கணக்கு.

ஒரு கணத்தை மட்டும் எடுத்துப் பார்ப்போம். பாட்டின் எண் 20,000, ஆசிரியர் குரலின் எண் 18,000. கூட்டினால் 38,000. இது 16 பிட்டின் உச்சமான 32,767-ஐத் தாண்டிவிட்டது. மிஞ்சியதை அப்படியே வெட்டினால் அலையின் தலை தட்டையாகி, காதில் கரகரப்பாகக் கேட்கும். பாட்டை முதலில் 0.25-ஆல் பெருக்கியிருந்தால் அது 5,000 ஆகியிருக்கும், கூட்டுத்தொகை 23,000-இல் நின்றிருக்கும். குரலில் ஒரு துளியும் மாற்றமில்லை.

இங்கே வரிசைதான் முக்கியம். 23,000 என்ற எண் மட்டும் கையில் இருந்தால், அதில் பாட்டின் பங்கு எவ்வளவு என்று திரும்பக் கண்டுபிடிக்க வழியில்லை. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம் கதையில்தான் உண்டு. ஆகவே தனித்தனி வால்யூம் வேண்டுமென்றால், ஒலிகளைக் கூட்டுவதற்கு முன்பே ஒவ்வொன்றையும் தனியாகக் கையில் வைத்திருக்கும் ஒருவர் வேண்டும். கணினியில் அந்த வேலை விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளத்தினுடையது.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்து வால்யூம் ஜன்னல் சிலருக்கு நினைவிருக்கலாம். ‘வேவ்’, ‘சிடி ஆடியோ’, ‘லைன் இன்’ என்று வரிசையாக ஸ்லைடர்கள் நிற்கும். அவை ஒலி எந்த வழியாக வருகிறது என்பதற்கானவை, எந்தச் செயலியிலிருந்து வருகிறது என்பதற்கானவை அல்ல. பாட்டு, விளையாட்டு, மெசஞ்சர் எல்லாமே அந்த ஒரே ‘வேவ்’ வழியில்தான். ஒரு செயலி தன் வால்யூமைக் குறைக்கப்போய், மற்ற எல்லாமும் சேர்ந்து அடங்கிப்போவது அன்று சர்வசாதாரணம்.

2007 ஜனவரியில் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவுக்காக மைக்ரோசாஃப்ட் ஒலி அமைப்பைப் புதிதாகவே எழுதியது. விஸ்டாவைத் திட்டித் தீர்த்தவர்கள் உண்டு. ஆனால் அதில் வந்த இந்த மாற்றம் இன்றுவரை நமக்குப் பயன்படுகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். கலக்கும் வேலை இயங்குதளத்தின் மையக் கருவிலிருந்து வெளியே வந்து, ஒரு தனி நிரலுக்குப் போனது. டாஸ்க் மேனேஜரில் ‘விண்டோஸ் ஆடியோ டிவைஸ் கிராஃப் ஐசொலேஷன்’ என்று ஒரு பெயர் தெரிகிறதே, அதுதான். செயலிகள் தங்கள் எண்களை இதனிடம் சிறு சிறு கட்டுகளாகக் கொடுக்கின்றன. வழக்கமாக ஒரு கட்டு என்பது 10 மில்லிநொடி, 48,000 கணக்கில் 480 எண்கள். அது ஒவ்வொரு செயலியின் கட்டையும் அதன் ஸ்லைடர் மதிப்பால் பெருக்கி, பிறகு எல்லாவற்றையும் கூட்டி, சவுண்ட் கார்டுக்கு அனுப்புகிறது. உள்ளே கணக்கு 32 பிட் தசம எண்களில் நடப்பதால், இடையில் தொகை எல்லை மீறினாலும் உடனே வெட்டு விழாது. கடைசியில்தான் அடக்க வேண்டியிருக்கும்.

டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் படத்தை ரைட் கிளிக் செய்து வால்யூம் மிக்ஸரைத் திறந்தால் இந்தப் பட்டியலைத்தான் பார்க்கிறோம். தேடும் செயலி அதில் இல்லையே என்று சிலர் குழம்புவார்கள். அது இன்னும் ஒலி எதையும் அனுப்பத் தொடங்கியிருக்காது. சும்மா ஒரு பாட்டை ஓடவிட்டால் வந்து நிற்கும். செயலிவாரியாக வைத்த அளவை விண்டோஸ் நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதையும் மறக்கக் கூடாது. போன மாதம் மியூட் செய்த செயலி இன்று ஊமையாக இருந்தால் ஸ்பீக்கரைக் குறைசொல்லும் முன் இங்கே பாருங்கள். அழைப்பு வந்ததும் பாட்டு தானாகச் சன்னமாவதும் இந்தப் பெருக்கல்தான். விண்டோஸ் 7-இலிருந்து, அழைப்பு நடக்கும்போது மற்ற ஒலிகளை 80% குறைப்பது இயல்பான அமைப்பு. வேண்டாமென்றால் பழைய சவுண்ட் ஜன்னலின் ‘கம்யூனிகேஷன்ஸ்’ பக்கத்தில் அணைத்துவிடலாம்.

பிரௌசரில் பத்து டேப் திறந்திருந்தாலும் குரோமுக்கு அங்கே ஒரே ஸ்லைடர்தான். காரணம் அதே விதி. எல்லா டேப்களின் ஒலியையும் பிரௌசர் ஒரே பெயரில் ஒப்படைப்பதால், டேப் வாரியாகக் குறைப்பதற்கான இடம் பிரௌசருக்கு உள்ளேதான் இருக்க முடியும்.

லினக்ஸில் இந்த வேலையை எடுத்துக்கொண்டது பல்ஸ்ஆடியோ என்ற நிரல். லெனார்ட் பொட்டரிங் 2004-இல் வேறு பெயரில் தொடங்கியது. இன்று பல டிஸ்ட்ரோக்களில், அதாவது உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில், அதன் இடத்தில் பைப்வயர் என்ற நிரல் இருக்கிறது. பல்ஸ்ஆடியோவில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் ஸ்லைடர் கணக்கு. 50% என்று வைத்தால் அது எண்களை 0.5-ஆல் பெருக்குவதில்லை. 0.5 × 0.5 × 0.5 என்று மும்முறை பெருக்கி, வரும் 0.125-ஆல் பெருக்குகிறது. ஏன்? எண்ணைப் பாதியாக்கினால் ஒலியளவு அதன் அலகில் 6 டெசிபல்தான் குறையும், காதுக்கு அது பாதியாகத் தோன்றாது. ஏறக்குறைய 10 டெசிபல் குறைந்தால்தான் ‘பாதி’ என்று உணர்கிறோம். நேர்கோட்டுக் கணக்கில் ஸ்லைடரின் மேல்பாதியை இழுத்தும் பெரிய வித்தியாசம் தெரியாது, எல்லா மாற்றமும் அடிமட்டத்தில் திடுக்கென்று நடக்கும். மும்முறை பெருக்கியதால் நடுப்புள்ளி 18 டெசிபல் கீழே இறங்கி, இழுப்பு முழுவதும் சீராக உணரப்படுகிறது.

அதே பல்ஸ்ஆடியோ ஒரு தவறான யோசனையையும் கொண்டுவந்தது. எந்தச் செயலியின் அளவு மிக உயர்ந்ததோ, அதையே ஸ்பீக்கரின் மொத்த அளவாக ஆக்கிவிடுவது. தாளில் அழகான யோசனை. ஆனால் ஏதோ ஒரு செயலி 100% கேட்டால், மொத்த வால்யூமும் உச்சிக்குப் போய் ஹெட்போனில் இடி விழும். உபுண்டு இதை அணைத்தே வெளியிட்டது, சரியான முடிவு. தன் அளவைச் செயலி கேட்கலாம், காதுக்கு எவ்வளவு போகலாம் என்பதை மனிதர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

மேக் கணினிகளில் இப்படியொரு பட்டியல் பல்லாண்டுகளாக இல்லாமலே இருந்தது. ‘பேக்ரவுண்ட் மியூசிக்’ போன்ற கட்டற்ற செயலிகள் போலியான ஒரு ஸ்பீக்கரை உருவாக்கி, எல்லாச் செயலிகளின் ஒலியையும் அதற்குள் வரவழைத்து, பெருக்கிக் கூட்டி, பிறகு உண்மையான ஸ்பீக்கருக்கு அனுப்பும். 2023 டிசம்பரில் வந்த மேக்ஓஎஸ் 14.2, ஒரு செயலியின் ஒலியை மட்டும் தனியாக எடுக்கும் வழியை நிரலாளர்களுக்குத் திறந்துவிட்டது. அதன்பிறகு போலி ஸ்பீக்கர் இல்லாமலும் இதைச் செய்ய முடிகிறது.

ஸ்லைடரை இழுத்தும் ஒன்றும் நடக்காத இடமும் உண்டு. இசைப்பதிவு மென்பொருள்கள், துல்லியமான ஒலிக்கென்றே உள்ள சில பிளேயர்கள் சவுண்ட் கார்டைத் தங்களுக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ளும். அப்போது கலப்பவர் நடுவில் இல்லை. விண்டோஸில் மற்ற செயலிகள் வாயடைத்து நிற்கும், மிக்ஸரும் வேலை செய்யாது. அந்தச் செயலிக்குள்ளேயே அளவை மாற்ற வேண்டியதுதான்.

அப்புறம், எதை ஏற்றுவது, எதைக் குறைப்பது? ஆன்லைன் கூட்டத்தில் ஒருவர் குரல் சன்னமாக இருந்தால் அதை 100%-க்கு மேல் தள்ளுவதைவிட, மற்றச் செயலிகளை 30%, 40% என்று இறக்கிவிட்டு மொத்த வால்யூமைச் சற்று ஏற்றுவது நல்லது. லினக்ஸ் மிக்ஸர் 153% வரை போக விடும், அதாவது 11 டெசிபல் கூடுதல். ஏற்கனவே உச்சத்தை நெருங்கிய ஒலியில் அது தலைவெட்டுதான்.