மூச்சுவிட ஒரு கம்பி

நாம் சாப்பிடும் உணவிலிருந்து உடலின் செல்கள் எலெக்ட்ரான்களை உருவி எடுக்கின்றன. அவை ஒரு புரதத்திடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறி, கடைசியில் நாம் சுவாசித்த ஆக்சிஜனிடம் போய்ச் சேர்கின்றன. வழியில் கிடைக்கும் ஆற்றலில்தான் உயிர் ஓடுகிறது. கடைசியில் வாங்கிக்கொள்ள ஆள் இல்லையென்றால் மொத்தச் சங்கிலியும் நின்றுவிடும். மூச்சுத் திணறல் என்பது அதுதான்.

ஆற்றின் அடிச்சேற்றில் ஆக்சிஜன் கிடையாது. அங்கே வாழும் சில பாக்டீரியாக்கள் இரும்புத் துருவிடம் எலெக்ட்ரானைத் தள்ளிவிட்டுப் பிழைக்கின்றன. ஆனால் துரு கரையாது, செல்லுக்குள் வராது. அதனால் எலெக்ட்ரானைத் தன் உடலுக்கு வெளியே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அமெரிக்காவின் போடோமாக் ஆற்றுச் சேற்றில் நுண்ணுயிரியலாளர் டெரக் லவ்லி கண்டெடுத்து 1987-ல் உலகுக்குச் சொன்ன ஜியோபாக்டர் இந்த ரகம்.

சரி, துருவுக்குப் பதில் ஒரு கார்பன் துணியை வைத்தால்? அதன் மேலும் பாக்டீரியா எலெக்ட்ரானைக் கொட்டும். பாக்டீரியாவிடமிருந்து மின்சாரம் எடுக்கும் நுண்ணுயிர் எரிபொருள் கலம் என்பது இவ்வளவுதான்.

காற்றுப் புகாத அறையில் கழிவுநீர், அதில் முங்கிய கார்பன் துணி. இது ஆனோடு, அதாவது எலெக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் மின்முனை. சில நாட்களில் துணியின் இழைகள்மேல் பாக்டீரியாக்கள் வழவழப்பான படலமாக ஒட்டிக்கொள்கின்றன. கழிவில் உள்ள ஓர் அசிட்டேட் மூலக்கூறை அவை முழுதாக உடைத்தால் 8 எலெக்ட்ரான்கள் கிடைக்கும்; கூடவே கரியமில வாயுவும் புரோட்டான்களும் வரும். எலெக்ட்ரான்கள் கம்பி வழியாகவும் புரோட்டான்கள் நடுவிலுள்ள சவ்வு வழியாகவும் மறுபக்கத்து மின்முனையான கேதோடுக்குப் போகின்றன. அங்கே காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீர் ஆகின்றன. ஆனோடு அறைக்குள் ஆக்சிஜன் கசிந்தால் பாக்டீரியாக்கள் எலெக்ட்ரானை நேரே அதனிடமே கொடுத்துவிடும். கம்பிக்கு வருவது குறைந்துபோகும்.

இதில் என்னை மிகவும் கவர்வது, எலெக்ட்ரான் செல்லை விட்டு வெளியேறும் விதம். ஜியோபாக்டரின் உடலிலிருந்து நுண்ணிய இழைகள் நீள்கின்றன. அவற்றில் ஒரு வகை, ஹீம்கள் வரிசையாக அடுக்கப்பட்ட புரதத்தால் ஆனது என்று 2019-ல் தெரியவந்தது. நம் ரத்தத்தைச் சிவப்பாக்கும் இரும்பு கொண்ட ஹீமின் குடும்பம்தான்! எலெக்ட்ரான் ஒரு ஹீமிலிருந்து அடுத்ததற்குத் தாவிப் போகிறது. ஷீவனெல்லா என்ற பாக்டீரியாவுக்கு இன்னொரு வழியும் உண்டு: வைட்டமின் பி2 வகையைச் சேர்ந்த ஃபிளேவின்களை வெளியே விடுகிறது. அவை எலெக்ட்ரானை ஏந்திக்கொண்டு போய் ஆனோடில் இறக்கிவிட்டுத் திரும்பி வருகின்றன.

பாக்டீரியாவிடமிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1911-லேயே எம். சி. பாட்டர் என்ற தாவரவியலாளர் காட்டிவிட்டார். ஆனாலும் இதை வைத்து வீட்டுக்கு விளக்கேற்றலாம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு கலம் வேலை செய்யும்போது கொடுப்பது பெரும்பாலும் அரை வோல்ட் அளவுதான். கலத்தைப் பெரிதாக்கினால் உள்மின்தடை குறுக்கே நிற்கிறது; அதனால் சின்னச் சின்னக் கலங்களாகத்தான் கோக்க வேண்டியிருக்கிறது.

கழிவுநீரைச் சுத்தம் செய்வதில் இதற்கு நல்ல இடம் இருக்கிறது. வழக்கமான முறையில் தொட்டிக்குள் காற்றை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கே நிறைய மின்சாரம் செலவாகும். இங்கே ஆனோடு அறையில் காற்றே வேண்டாம். கடலடிச் சேற்றில் ஆனோடைப் புதைத்து, மேலே நீரில் கேதோடை மிதக்கவிட்டு, சின்னக் கருவிகளையும் இயக்கியிருக்கிறார்கள்.

அப்புறம், இதையே உணரியாகவும் வைக்கலாம். நீரில் கழிவு கூடினால், ஓரளவு வரை மின்னோட்டமும் கூடும். நச்சு ஏதாவது கலந்தால் மின்னோட்டம் சட்டென்று சரியும். பாக்டீரியாக்களுக்கு மூச்சு முட்டுவதை அந்தக் கம்பியிலேயே பார்த்துவிடலாம்.