60 லிட்டர் கடலுக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் பவள உயிர்கள் வளர்க்க உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்த புதிதில் பக்கத்து வீட்டு அத்தை கேட்டார்: "இல்லாத வெயிலா நம்ம ஊர்ல? அந்த ஜன்னலோரமா நகட்டி வச்சா போதாதா, எதுக்கு இம்புட்டு காசு போட்டு லைட்டு?"

நியாயமான கேள்வி. நம் ஊர் உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் நொடிக்குச் சுமார் 2000 மைக்ரோமோல் (எண்ணிக்கை அலகு) ஒளித்துகள்கள் வந்து விழுகின்றன. என் தொட்டியில் இருப்பவற்றுக்கு அதில் 50 முதல் 100 இருந்தால் போதும். மிச்சமெல்லாம் பாரம்தான். போதாததற்கு வெயிலோடு வெப்பக் கதிரும் சேர்ந்து வரும். மன்னார் வளைகுடா அளவுக்குத் தண்ணீர் இருந்தால் தாங்கும், 60 லிட்டர் ஒரே மத்தியானத்தில் சூடேறிவிடும்.

ஒரு விலங்குக்கு எதற்கு இவ்வளவு கணக்குப் பார்த்து வெளிச்சம் கொடுக்க வேண்டும்? பவள உயிர்களின் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. பெயர் சூசாந்தெல்லே. அவை வெளிச்சத்தை வைத்துச் சர்க்கரை செய்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கின்றன. பல பவளங்களுக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பங்கு இப்படித்தான் வருகிறது. ஆகவே நாம் விளக்கு வாங்குவது அந்தப் பாசிக்குச் சாப்பாடு போடத்தான்.

கடையில் பவளத் தொட்டி விளக்கெல்லாம் நீலமாக இருப்பதற்குக் காரணமும் அந்தப் பாசிதான். தண்ணீர் முதலில் சிவப்பை விழுங்கும், நீலம்தான் ஆழம் வரைக்கும் போகும். தூத்துக்குடியில் சங்கு குளிக்கிறவர்களுக்கு இது அனுபவத்திலேயே தெரியும், ஆழத்தில் கை கீறினால் ரத்தம் கறுத்துத்தான் தெரியும். அந்தப் பாசியிடம் உள்ள குளோரோபில் ஏ, குளோரோபில் சி2, பெரிடினின் என்ற மூன்று நிறமிகளும் நீலத்திலும் நீலப்பச்சையிலும்தான் நன்றாக ஒளியைப் பிடிக்கும். நம் தொட்டியின் ஒன்றரை அடித் தண்ணீர் சிவப்பைப் பெரிதாகக் குறைத்துவிடாது என்பது உண்மைதான். ஆனாலும் பாசியின் நிறமி மாறாதே, அதனால் 450 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீலம் நிறைய, அதோடு வெள்ளை கொஞ்சம், இதுதான் சரியான கலவை. பவளத்தில் இருக்கும் ஒளிரும் புரதங்கள் இந்த நீலத்தை வாங்கிப் பச்சையாகவும் ஆரஞ்சாகவும் திருப்பி விடும். கடையில் பார்க்கும்போது மினுமினு என்று ஜொலிப்பது அதனால்தான்.

நான் தப்புச் செய்தது இந்த நீலத்தில்தான். விளக்கு மாட்டிய அன்றைக்கு போனில் லக்ஸ் பார்க்கிற செயலியை இறக்கி வைத்துப் பார்த்தேன், எண் ரொம்பக் குறைவாகக் காட்டியது. வெளிச்சம் பத்தவில்லை என்று நினைத்து நூறு சதவீதத்துக்கு ஏற்றிவிட்டேன். லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு, நம் கண்ணோ பச்சையில்தான், அதாவது 555 நானோமீட்டரில்தான், அதிகக் கூர்மை. அதே ஆற்றலோடு 450 நானோமீட்டர் நீலம் வந்தால் அது நமக்கு 25-ல் ஒரு பங்கு வெளிச்சமாகத்தான் படும். பாசிக்கு அப்படி இல்லை. நான்கே நாளில் மஷ்ரூம் (காளான் வடிவப் பவள உயிர்) இரண்டும் சுருங்கி, பழுப்பு நிறம் வெளுத்துப் போனது. கல்லோடு எடுத்து நிழல் மூலையில் வைத்து, விளக்கை 30 சதவீதத்துக்கு இறக்கினேன். மறுபடி விரிய மூன்று வாரம் ஆனது, அந்த மூன்று வாரமும் மனசு கேட்கவில்லை. இப்போது புதிதாக எதைக் கொண்டுவந்தாலும் முதல் வாரம் அடியில்தான் இருக்கும், அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாக மேலே. சரியான எண் வேண்டுமென்றால் பாசிக்குப் பயன்படும் ஒளித்துகள்களை அளக்கும் பிஏஆர் மீட்டர்தான் வழி, விலை அதிகம், தெரிந்தவர்களிடம் ஒரு நாள் இரவல் வாங்கினால் போதும்.

வெளுத்தது ஏன்? பாசி ஓர் அளவுக்கு மேல் ஒளியைச் சர்க்கரையாக்க முடியாது. மிஞ்சிய ஆற்றல் ஆக்சிஜனைச் செல்லைத் தாக்கும் வடிவங்களாக மாற்றும், பவளம் பாசியையே வெளியே தள்ளிவிடும். தண்ணீர் சூடாக இருந்தால் அந்த எல்லை இன்னும் கீழே இறங்கிவிடும். 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளுத்தது கடல் சூடேறியதால்தான்.

அதனால் நம் பக்கத்தில் விளக்கையும் சூட்டையும் பிரித்துப் பார்க்கவே முடியாது. பழைய மெட்டல் ஹாலைடு விளக்கு சின்னத் தொட்டிக்கு வேண்டவே வேண்டாம், அது வெப்பத்தை நேரே தண்ணீருக்குள் இறக்கும். எல்இடியும் சூடாகும்தான், ஆனால் அந்தச் சூடு பெரும்பாலும் மேலே உள்ள அலுமினியத் தகட்டோடு போய்விடும். கத்திரி வெயிலில் தொட்டியை 27 டிகிரிக்குள் வைக்க நான் விளக்கை மாலை 4 மணிக்குப் போட்டு இரவு 12-க்கு அணைக்கிறேன், டைமர் பிளக் பார்த்துக்கொள்கிறது. பவளத்துக்கு எட்டு மணி நேரம் கிடைத்தால் சரி, அது எந்த எட்டு என்பது முக்கியம் இல்லை. தண்ணீர் மேல் ஒரு சின்ன மின்விசிறியும் ஓடுகிறது. ஒரு லிட்டர் ஆவியாவதற்குப் பிடிக்கிற வெப்பம், 60 லிட்டரை 9 டிகிரி குளிர்விக்கப் போதுமானது, மண்பானை வித்தைதான். வறண்ட காற்று வீசும் திருநெல்வேலியில் இது நன்றாக வேலை செய்யும், ஈரக்காற்று அடிக்கிற திருச்செந்தூரிலோ உவரியிலோ அவ்வளவு எடுபடாது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். அதனால் குறைந்த அளவுக்கு ஆர்ஓ தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புத்தண்ணீர் இல்லை.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கல் பவளம் எல்லாமே 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, விசிறி போல விரியும் கடல்விசிறிப் பவளமும் அப்படித்தான். கரையில் ஒதுங்கிய செத்த துண்டைக்கூட எடுத்துவந்து தொட்டியில் வைக்கக் கூடாது. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டியே தூத்துக்குடித் தீவுகள் கரைந்தன, விலாங்குசல்லித் தீவு மூழ்கியே போனது. எனவே 300 மைக்ரோமோல் கேட்கிற கல் பவளங்களுக்கான பெரிய விளக்கு நமக்குத் தேவையே இல்லை. என்னிடம் இருப்பது கல் கூடு இல்லாத மஷ்ரூமும் சோயாந்தஸ் என்ற பவள உறவு உயிரும்தான், செயற்கைப் பீங்கான் கல்லில் ஒட்டி வளர்கின்றன. சோயாந்தஸைத் தொட்டால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சில வகைகளில் கொடிய நஞ்சு உண்டு.

இரண்டடித் தொட்டிக்கு நான் வைத்திருப்பது 30 வாட் எல்இடி. நீலத்தையும் வெள்ளையையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கலாம், லென்ஸ் அகலமானது, தண்ணீருக்கு ஒரு சாண் மேலே தொங்குகிறது. உப்பு தெறித்துப் படியாமல் கீழே ஒரு அக்ரிலிக் தகடு, பிளக்குக்கு, மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி. நீலத்தை 40 சதவீதத்திலும் வெள்ளையை 10 சதவீதத்திலும் வைத்திருக்கிறேன், சாயங்காலம் அது எரிய ஆரம்பித்து அரை மணியில் மஷ்ரூம்கள் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்துவிடுகின்றன.