கொக்கைன் விட்டவங்களுக்கு இலவச சிகிச்சை: சட்டம் என்ன சொல்லுது, ஓபியில என்ன நடக்குது

கொக்கைன விட்டு ஒரு வாரம் தாண்டினவங்களத்தான் எல்லாரும் கைவிட்டுடுறாங்க. முதல் சில நாள் தூங்கித் தள்ளுவாங்க, பசி எடுக்கும், எதுலயும் மனசு ஒட்டாது, அதுக்கப்புறம் கொஞ்சம் தெளிஞ்சதும் வீட்ல "சரியாயிட்டான்"னு விட்டுடுவாங்க. உண்மையான ஏக்கம் அதுக்கப்புறம்தான் அலை அலையா வரும், மாசக்கணக்குல வரும். அந்த நேரத்துல சிகிச்சை கேட்டுப் போறவங்கள எப்படி அலைய விடுறாங்கன்னு பக்கத்துல இருந்து பாத்து வெறுத்துப்போய்தான் இத எழுதுறேன்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017ல போதைப்பொருளால வர்ற மனநலப் பிரச்சனையும் அடக்கம், அதனால அரசு ஆஸ்பத்திரியில சிகிச்சை கேக்குறது உங்க உரிமை. மத்திய சமூகநீதி அமைச்சகம் நிதி தர்ற ஐஆர்சிஏங்கிற போதை மறுவாழ்வு மையங்கள் இருக்கு. தமிழ்நாட்டுல 2025ல 25 அரசு ஆஸ்பத்திரிகள்ல "கலங்கரை"ங்கிற போதை மீட்பு மையமும் திறந்தாங்க. பேப்பர்ல இவ்வளவும் இருக்கு.

ஓபியில நடக்குறது வேற. தெரிஞ்ச பையன் ஒருத்தன் கூட ஒரு ஜிஎச்சுக்குப் போயிருந்தேன். கைய நீட்டச் சொன்னாங்க, நடுக்கம் இல்ல. "குடிச்சிட்டு ஃபிட்ஸ் வந்தவங்களுக்கே பெட் இல்ல, நீ நல்லாத்தானப்பா இருக்க"ன்னு சீட்டுல விட்டமின் மாத்திரை எழுதிக் குடுத்து அனுப்பிட்டாங்க. கொக்கைன் விட்டா குடி மாதிரி கை நடுங்காது, ஃபிட்ஸ் வர்றதும் வழக்கமில்ல. ஹெராயினுக்கு ப்யூப்ரினார்ஃபின் இருக்குற மாதிரி இதுக்குன்னு அங்கீகரிச்ச மருந்தும் இல்ல. கவுன்சிலிங்தான் இதுக்கு முக்கிய சிகிச்சை, அதனால மாத்திரையோட திரும்பி வந்தா சிகிச்சையே நடக்கலன்னு அர்த்தம். "விட்டுட்டேன் சார், ஆனா மறுபடி எடுத்துடுவேன்னு பயமா இருக்கு, எனக்கு கவுன்சிலிங் வேணும்"னு நேரா சொல்லுங்க, அத சீட்டுல எழுதவும் சொல்லுங்க. செத்துடலாம்னு எண்ணம் வந்தா மறைக்காதீங்க, விட்ட புதுசுல அது வர்றதுதான், அப்ப ஓபி க்யூல நிக்காம நேரா கேஷுவால்டிக்குப் போங்க.

அடுத்து "அட்டெண்டர் எங்க?"ன்னு, அதாவது கூட வந்த வீட்டாள் எங்கன்னு கேப்பாங்க. வீட்டுக்குத் தெரியாம வந்தவன் அந்த ஒரு கேள்வியிலயே திரும்பிப் போயிடுவான். 18 வயசு ஆனவங்க, தன் சிகிச்சையப் பத்தி முடிவெடுக்குற நிலையில இருந்தா, தானே கேட்டு அட்மிட் ஆகலாம், மனநலப் பராமரிப்புச் சட்டம் பிரிவு 86. ரேஷன் கார்டு இல்லன்னு விரட்டினா அதே சட்டத்தோட பிரிவு 18ஐச் சொல்லுங்க, வறுமைக்கோட்டுக்குக் கீழ இருக்குறவங்களுக்கு அதுக்கான கார்டு கையில இருந்தாலும் இல்லாட்டியும் இலவசம்னு அதுல தெளிவாவே இருக்கு.

போலீஸ் பயம்தான் பலர வாசல்லயே நிறுத்துது. சிகிச்சை விவரத்த ரகசியமா வைக்கணும்னு அதே சட்டத்துல பிரிவு 23 இருக்கு. ஏற்கனவே கேஸ் இருந்தா என்டிபிஎஸ், அதாவது போதைப்பொருள் தடுப்புச் சட்டம், பிரிவு 64ஏ கை குடுக்கும். கொக்கைன் பயன்படுத்தினதுக்கு ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 20,000 ரூபா வரைக்கும் அபராதம், ரெண்டும் சேத்தும் வரலாம். ஆனா அடிமையானவர் தானா முன்வந்து சிகிச்சை எடுத்தா அந்த வழக்குல இருந்து விலக்கு கிடைக்கும். மாட்டிக்கிற இடம் மூணு இருக்கு. சிறிய அளவு கேஸுக்குத்தான் இந்த விலக்கு, கொக்கைனுக்கு அது 2 கிராம், அதத் தாண்டினா இந்தப் பிரிவு உதவாது. சிகிச்சை அரசோ உள்ளாட்சியோ நடத்துற, இல்ல அங்கீகரிச்ச இடத்துல நடந்திருக்கணும். மூணாவதுதான் நிறைய பேர விழ வைக்குது, சிகிச்சைய முழுசா முடிக்கலன்னா குடுத்த விலக்க திரும்ப எடுத்துக்கலாம், அதாவது ஏக்கம் தாங்காம பாதியில ஓடினா கேஸும் திரும்ப வரும். அதனால ஒவ்வொரு ஓபி சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாத்தையும் போட்டோ எடுத்து வைங்க. இது தானா கிடைக்காது, வக்கீல் கோர்ட்ல கேக்கணும். காசு இல்லன்னா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல போய்க் கேளுங்க.

போன் நம்பர்லயும் குழப்பம் இருக்கு. டெலி மானஸ் 14416, இது மனநல உதவிக்கு, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. போதை மீட்புக்கு 14446. மானஸ்னு இன்னொன்னு இருக்கு, 1933, அது மத்திய போதைப்பொருள் தடுப்புப் பிரிவு நடத்துறது, கடத்தல் பத்தி தகவல் சொல்றதுக்கும் அதுதான். ராத்திரி பதட்டத்துல நம்பர் மாறிடும், இப்பவே 14416ஐ சேவ் பண்ணிக்கோங்க.

தனியார் ரீஹேப்ல "மூணு மாச பேக்கேஜ்"னு மொத்தப் பணத்தையும் முன்னாடியே வாங்குவாங்க. மாநில மனநல ஆணையப் பதிவுச் சான்ற கண்ணால பாக்காம ஒத்த ரூபா கட்டாதீங்க. சங்கிலியில கட்டுறது எந்த மையத்துலயும் சட்டவிரோதம், அப்படி நடந்தா ஆளக் கூட்டிட்டு வந்து புகார் குடுங்க. இன்ஷூரன்ஸ நம்பி அட்மிட் ஆகாதீங்க, நிறைய பாலிசியில எக்ஸ்க்ளூஷன் 12னு போட்டு போதை சிகிச்சைய விலக்கியிருப்பாங்க.

கவுன்சிலிங் தேதி தள்ளித்தான் குடுப்பாங்க. அதுவரைக்கும், ஒரு தடவ வர்ற ஏக்கம் பெரும்பாலும் அரை மணி நேரத்துல தணியும், அந்த நேரம் தனியா இருக்காதீங்க, யாருக்காச்சும் போன் போடுங்க, தெருவுல இறங்கி நடங்க. சம்பள நாள்ல ஏடிஎம் கார்ட அக்காகிட்டயோ அம்மாகிட்டயோ குடுத்துடுங்க. சப்ளை பண்றவன் நம்பர அழிங்க. "பீர் மட்டும்தானே"ன்னு உக்காந்து அன்னைக்கே மறுபடி எடுத்தவங்கள எனக்குத் தெரியும், அதனால குடியையும் சேத்து விடுங்க.

ஒரு தடவ சறுக்கிட்டா திட்டுவாங்கன்னு ஓபிக்குப் போகாம இருக்காதீங்க, அடுத்த நாளே போங்க. இடைவெளி விட்டு பழைய அளவ எடுத்தா உடம்பு தாங்காது. நெஞ்சு வலி வந்தா 108, வந்தவங்ககிட்ட கொக்கைன் எடுத்தேன்னு மறைக்காம சொல்லுங்க, அதத் தெரிஞ்சாத்தான் சரியான மருந்து குடுக்க முடியும்.