ஓப்பன் சோர்ஸ் நிரலுக்கும் உரிமையாளர் உண்டு

"மேடம், அது ஓப்பன் சோர்ஸ்தானே, அதுக்கு எதுக்கு அனுமதி?" தரமணி, ஓஎம்ஆர் பக்கமிருந்து வரும் இளம் நிறுவனர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. மூலநிரலை, அதாவது எழுதிய நிரல் வரிகளை, எல்லோரும் பார்க்கவும் பயன்படுத்தவும் திருத்தவும் விட்டு வெளியிடும் மென்பொருள்தான் ஓப்பன் சோர்ஸ். அதற்கும் அனுமதி கட்டாயம் வேண்டும். லைசென்ஸ் என்பதே அந்த அனுமதிதான்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. எழுதியவுடன் உரிமை பிறந்துவிடும். பதிவு செய்யத் தேவையில்லை. நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஊரறியப் போட்டுவைத்தாலும் அந்த உரிமை போவதில்லை. அதனால் லைசென்ஸ் ஃபைலே இல்லாத நிரல்தான் எனக்கு அதிகக் கவலை தருவது. படிக்கலாம், ஆனால் எடுத்து உங்கள் தயாரிப்பில் சேர்க்க யாரும் உங்களுக்கு அனுமதி தரவில்லை.

லைசென்ஸ் இருந்தால் அதன் நிபந்தனைகளைப் பாருங்கள். எம்ஐடி, ஜிபிஎல், ஏஜிபிஎல் என்பவை ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ் வகைகள். எம்ஐடி என்றால் உரிமைக் குறிப்பையும் லைசென்ஸ் வாசகத்தையும் நீக்காமல் வைத்திருந்தால் போதும். ஜிபிஎல் நிரலைச் சேர்த்து உருவாக்கியதை வெளியே கொடுத்தால், பெறுபவருக்கு மூலநிரலையும் அதே லைசென்ஸில் தர வேண்டும். ஏஜிபிஎல் இன்னும் ஒரு படி மேலே போகிறது: அந்த நிரலைத் திருத்தியோ அதன்மேல் கட்டியோ சர்வரில் ஓடவிட்டாலே, இணையம் வழியாகப் பயன்படுத்துவோருக்கு மூலநிரலைத் தரும் கடமை வந்துவிடும்.

என்னிடம் வந்த ஒரு சிறு நிறுவனம் இதில்தான் மாட்டிக்கொண்டது. அவர்களுடைய பில்லிங் செயலியை வாங்க ஒருவர் முன்வந்தார். அவர் தரப்பு ஆய்வில், இன்வாய்ஸைப் பிடிஎஃப் ஆக்கும் லைப்ரரி (வெளியார் எழுதிவைத்த தயார் நிரல் தொகுப்பு) ஏஜிபிஎல் லைசென்ஸில் உள்ளது என்று தெரியவந்தது. எப்போதோ ஒரு டெவலப்பர் ஒரே வரியில் சேர்த்தது. முழுச் செயலியையும் திறந்துவிடுவதா, லைப்ரரி உரிமையாளரிடம் வணிக லைசென்ஸ் வாங்குவதா, அந்தப் பகுதியை மாற்றி எழுதுவதா? மாற்றி எழுதினார்கள். விற்பனை தள்ளிப்போனது. நல்ல உழைப்பாளிகள்; தொடக்கத்திலேயே யாராவது சொல்லியிருக்கலாமே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

நிபந்தனையை மீறினால் யார் கேட்பார்கள் என்போருக்கு அமெரிக்காவின் ஜேக்கப்சன் – காட்சர் வழக்கைச் சொல்வேன். மாதிரி ரயில்களை இயக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் பற்றிய வழக்கு அது. லைசென்ஸ் நிபந்தனையை மீறுவது பதிப்புரிமை மீறலாகவே ஆகலாம் என்று 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. உங்கள் நிரலை நீங்களே ஓப்பன் சோர்ஸாக வெளியிட, முதலில் அது உங்களுடையதாக இருக்க வேண்டும். சம்பள ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், நிறுவனத்துக்குச் சொந்தம். ஃப்ரீலான்சர் எழுதியது அப்படியல்ல. பணம் முழுவதும் கொடுத்திருந்தாலும், கையெழுத்திட்ட உரிமை மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால் உரிமை அவரிடமே நிற்கும். ஒப்பந்தத்திலும் கால அளவு எழுதாவிட்டால் 5 ஆண்டுகள், எல்லை எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றே பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். இவை இரண்டையும் எழுதச் சொல்கிறேன். கூடவே, அவர் சேர்த்த வெளி லைப்ரரிகளின் பெயரையும் லைசென்ஸையும் பட்டியலிட்டுத் தர வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்துவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.